இரண்டே ஆட்டம் ஆடியவர்



யாரையாவது கண்டித்து எழுத இந்த மாதம் மனம் வரவில்லை. கண்டிக்க விஷயம் இல்லாமல் இல்லை. அதை அடுத்த இதழில் வைத்துக்கொள்வோம். இப்போது ஒரு புட்பால் கதை. கதை என்றாலும் நடந்தது.

1936-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. முப்பது வயதைக் கடந்த இந்தியர் ஒருவரின் காலில், அவருக்கு அப்பா வயதுள்ள ஒரு வெள்ளைக்காரர் கட்டுத்துணி சுற்றிக்கொண்டிருக்கிறார். பார்த்ததும், அடிபட்ட ஆட்டக்காரருக்கு வைத்தியம் நடக்கிறது என்றுதான் தோன்றும். அடியும் இல்லை, காயமும் இல்லை. அந்த இந்தியருக்குப் பூட்ஸ் போட்டு ஆடிப் பழக்கமில்லை. கட்டுத்துணிதான் அவருக்குப் பூட்ஸ்.

கட்டுப் போட்டுக்கொண்டவர் கல்கத்தாவின் முகமது சலீம். ஐரோப்பிய கிளப் ஒன்றின் சட்டையைப் போட்டு ஆடிய முதல் இந்தியர் என்று அவரைச் சொல்வார்கள். கட்டுப் போட்டவர் ஜிம்மி மெக்மெனமி. சலீமின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இவரை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது நியாயமில்லை. அதனால் முதலில் அவர்.

மெக்மெனமி 1880-இல் கிளாஸ்கோவை ஒட்டிய ரதர்க்ளென் என்ற ஊரில் பிறந்தவர். 1902-இல் கிளாஸ்கோவின் செல்டிக் கிளப்பில் சேர்ந்து 1920 வரை அங்கேயே ஆடினார். இன்சைட் ரைட் ஆட்டக்காரர். இன்றைய பிள்ளைகளுக்கு இந்தச் சொல் புரியாது. பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் பின்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று பேர், முன்னால் ஐந்து ஃபார்வர்டுகள் நிற்பார்கள். இரு ஓரத்திலும் விங்கர்கள், நட்டநடுவில் சென்டர் ஃபார்வர்டு, அவருக்கு இருபுறமும் இன்சைட் ரைட், இன்சைட் லெஃப்ட். கோல் போட்டுக் கைதட்டு வாங்குவது பெரும்பாலும் சென்டர் ஃபார்வர்டு. அவருக்குப் பந்து போய்ச்சேர வழி கண்டுபிடிப்பது இன்சைட் ஆட்டக்காரரின் வேலை.

அந்த வேலை இன்றைவிட அன்றைக்குக் கடினம். 1925 வரை ஆஃப்சைட் விதி வேறு மாதிரி. முன்னால் நிற்கிறவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியார் மூன்று பேராவது இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இரண்டு பேர் போதும் என்று மாற்றினார்கள். மூன்று பேர் என்றால் ஒரு பின்கள ஆட்டக்காரர் நான்கு அடி முன்னால் வந்து நின்றாலே ஃபார்வர்டு வரிசை முழுக்க ஆஃப்சைடில் மாட்டிக்கொள்ளும். பந்தை ஓங்கி உதைத்துவிட்டு ஓடுகிற ஆட்டம் அங்கே எடுபடாது. குட்டிக் குட்டியாய்க் கொடுத்து வாங்கி முன்னேற வேண்டும். அதில் ஸ்காட்லாந்துக்காரர்கள் கெட்டிக்காரர்கள். 1872-இல் இங்கிலாந்தோடு அவர்கள் ஆடிய முதல் சர்வதேச ஆட்டத்திலிருந்தே இதைச் சொல்வார்கள்: ஆங்கிலேயர் ஆளுக்கு ஆள் பந்தைத் தனியே உருட்டிக்கொண்டு போனார்கள், ஸ்காட்லாந்துக்காரர் ஒருவருக்கொருவர் கொடுத்து ஆடினார்கள். அந்த ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது என்பது வேறு விஷயம்.

மெக்மெனமிக்கு ரசிகர்கள் வைத்த பெயர் நெப்போலியன். களத்தைப் படைத்தளபதி மாதிரிப் பார்க்கிறவர் என்று. (நெப்போலியன் தோற்றுப் போன பிறகுதான் ஆங்கிலேயர் நம் காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். எனவே நமக்கும் அந்தப் பெயர் அந்நியமில்லை.) பென்னட், மெக்மெனமி, குவின், சோமர்ஸ், ஹாமில்டன் என்று செல்டிக்கின் அந்த ஐவர் வரிசையைப் பழைய ரசிகர்கள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்களாம். 1905 முதல் 1910 வரை தொடர்ந்து ஆறு முறை ஸ்காட்லாந்து லீக் பட்டம். நாட்டுக்காக 12 ஆட்டங்கள்.

1920-இல் வயதாகிவிட்டது என்று செல்டிக் அவரை விட்டுவிட்டது. அவர் அதே ஊரின் பார்ட்டிக் திஸில் என்ற சின்ன கிளப்புக்குப் போனார். மறுவருஷம், நாற்பது வயதில், அந்த அணியோடு ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றார். இறுதியாட்டத்தில் தோற்றது ரேஞ்சர்ஸ். அதுவும் செல்டிக்கின் சொந்த மைதானத்தில். பார்ட்டிக் திஸில் அந்தக் கோப்பையை வென்றது அந்த ஒரு முறைதான். வயதானவர்களை வீட்டுக்கு அனுப்புவதில் அவசரப்படும் நிர்வாகிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் போலும்.

1934-இல் அவர் செல்டிக்குக்குத் திரும்பினார், டிரெய்னராக. அந்தக் கால டிரெய்னர் என்றால் வாளியில் தண்ணீர், கையில் ஸ்பாஞ்ச், தைலம், கட்டுத்துணி. ஆறு பட்டம் வாங்கிய வரிசையின் மூளை, பிறர் காலைத் தேய்த்துவிடும் வேலையில் கௌரவக் குறைவு எதையும் பார்க்கவில்லை. சலீம் அங்கே போய்ச் சேர்ந்தபோது அந்த ஆள்தான் அவர் காலைப் பிடித்தார்.

இனி சலீம். 1904-இல், கல்கத்தாவில் ஹூக்ளி நதிக்கரையிலுள்ள மெட்டியாபுரூஸில் பிறந்தவர். அவத் நவாப் வாஜித் அலி ஷாவை ஆங்கிலேயர் நாட்டைப் பறித்துக்கொண்டு வெளியேற்றிய பிறகு, அவர் வந்து தங்கிய இடம் அது. அந்த நகரத்துக்கு அப்போதே புட்பால் பைத்தியம் பிடித்திருந்தது. பைத்தியத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததில் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கும் பெரிய பங்கு. 1888-இல் சிம்லாவில் நடந்த முதல் டூரண்ட் கோப்பையின் இறுதியாட்டத்தில் மோதிய இரண்டு அணிகளுமே ஸ்காட்லாந்துப் பட்டாளங்கள்தாம். 1911-இல் கல்கத்தாவின் மோகன் பகான் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வீழ்த்தியது. பதினோரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால்.

வெறுங்கால் என்பதை வறுமை என்று மட்டும் புரிந்துகொள்வது சரியில்லை என்பது என் எண்ணம். காய்ந்த தரையில் வெறுங்காலுக்குப் பந்தின் மேல் இருக்கிற பிடி, அன்றைய கனத்த தோல் பூட்ஸுக்குக் கிடையாது. ஆனால் மழை பெய்துவிட்டால் கதை மாறிவிடும். கல்கத்தா லீக் நடப்பதோ மழைக்காலத்தில். சேற்றில் வெறுங்கால் வழுக்கும். தண்ணீர் குடித்த தோல்பந்து இரண்டு மடங்கு கனக்கும். அதன் வாயைத் தைத்திருக்கும் வாரின் மேல் தலை பட்டால் நெற்றி கிழியும். முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப் இதை யோசித்தது. ஈரத்தரை ஆட்டத்துக்கு மட்டும் ஆட்டக்காரர்களுக்கு இலேசான பூட்ஸ் போடப் பழக்கியது. பெங்களூர் போன்ற வெளியூர்களிலிருந்தும் ஆள் பிடித்து வந்தது. 1934-இல் கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. அதுவரை எந்த இந்திய அணிக்கும் அது கிட்டவில்லை. தொடர்ந்து 1938 வரை ஐந்து வருஷமும் அவர்களே. சலீம் அந்த அணியின் விங்கர், ஆனால் பூட்ஸ் பழகிக்கொள்ளாதவர்.

1936-இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகும் வழியில் சீன அணி இந்தியாவில் ஆடியது. முதல் ஆட்டத்தில் சலீம் பிரமாதமாக ஆடினார். இரண்டாவது ஆட்டத்துக்கு ஆளைக் காணோம். இங்கிலாந்தில் இருந்த அவருடைய உறவினர் ஹாஷிம் ஊருக்கு வந்தவர், “உன் ஆட்டத்தை அங்கே வந்து காட்டு” என்று கப்பலேற்றிவிட்டார். கெய்ரோ, லண்டன், அங்கிருந்து கிளாஸ்கோ.

போய் நின்ற இடம் செல்டிக். அந்த கிளப் பிறந்த கதையும் தெரிந்துகொள்ள வேண்டியது. பஞ்சம் பிழைக்க அயர்லாந்திலிருந்து வந்து கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் அடைந்து கிடந்த ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளுக்குச் சோறு போடப் பணம் திரட்ட வேண்டும் என்று, 1887-இல் வால்ஃப்ரிட் என்ற துறவி தொடங்கியது. அதன் முதல் ஆட்டத்திலேயே ஆடிய வில்லி மேலிதான் 1936-இலும் மேனேஜர். இந்தியாவிலிருந்து ஒரு பெரிய ஆட்டக்காரர் வந்திருக்கிறார், ஆனால் வெறுங்காலோடு ஆடுவார் என்று ஹாஷிம் சொன்னதும் மேலி சிரித்துவிட்டாராம். சிரித்தாலும், சரி, ஆடிக் காட்டட்டும் என்றார். கிளப் உறுப்பினர்களும் பயிற்சியாளர்களும் பார்க்க சலீம் ஆடிக் காட்டினார். எடுத்துக்கொண்டார்கள்.

ஆடியது இரண்டு ஆட்டம். ஹாமில்டனுக்கு எதிராக 5-1, கால்ஸ்டனுக்கு எதிராக 7-1. கால்ஸ்டன் ஆட்டம் ஆகஸ்ட் 28-ஆம் தேதி நடந்தது. மறுநாள் பத்திரிகை சலீமின் கால்விரல்களைப் பற்றியே எழுதியது. பந்தைப் பெருவிரலில் நிறுத்தி, சுண்டுவிரல் வரை உருள விட்டு, ஒற்றைக்காலால் துள்ளி எதிராளியைச் சுற்றிவந்து, நடுவில் நிற்பவருக்குத் தட்டிவிடுகிறாராம். அவர் உள்ளே தள்ளினால் போதுமாம். ஏழு கோல்களில் மூன்று இப்படி அவர் காலிலிருந்து பிறந்தவை. பெனால்டி அடிக்கச் சொன்னபோது கூச்சமாக இருக்கிறது என்று மறுத்துவிட்டார் என்றும் அந்த நிருபர் எழுதியிருக்கிறார். சலீமுக்கு இங்கிலீஷ் வராது. ஹாஷிம்தான் மொழிபெயர்த்திருக்கிறார்.

இந்தக் கதையை நம்மவர்கள் சொல்லும்போது கொஞ்சம் உப்பு கூட்டிவிடுகிறார்கள். வெறுங்காலன் ஒருவன் வெள்ளைக்காரர்களின் லீக்கையே கலக்கினான் என்பார்கள். உள்ளபடி சொன்னால், அவை அலையன்ஸ் லீக் ஆட்டங்கள்; அதாவது செல்டிக்கின் இரண்டாம் அணி ஆடுகிற ஆட்டங்கள். முதல் அணியில் அவர் ஆடவில்லை. இதைச் சொல்வதால் சலீமுக்கு ஒரு குறையும் வந்துவிடாது. பாஷை தெரியாத ஊரில், பழகாத குளிரில், ஒரு தடவைகூடச் சேர்ந்து ஆடாதவர்களோடு நின்று மூன்று கோலுக்கு வழி செய்தவருக்கு நம் மிகைப்படுத்தல் தேவையில்லை.

சலீமுக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. செல்டிக் அவரை நிறுத்திவைக்கப் பார்த்தது. உங்களுக்காக ஒரு காட்சி ஆட்டம் நடத்துகிறோம், வசூலில் நூற்றுக்கு ஐந்து உங்களுக்கு என்றார்கள். அந்தப் பணத்தை, ஆட்டம் பார்க்க வரப்போகும் அநாதைக் குழந்தைகளுக்கே கொடுத்துவிடுங்கள் என்றாராம் அவர். ஜெர்மனியில் ஒரு பருவம் ஆடக் கூப்பிட்டார்கள், அதற்கும் போகவில்லை. கல்கத்தாவுக்குத் திரும்பி முகமதனுக்கே ஆடினார்.

தங்கியிருந்தால் என்னவெல்லாம் ஆகியிருப்பார் என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. காரைக்கால்காரர்கள் அப்படிப் பெருமூச்சு விடமாட்டோம் என்று நினைக்கிறேன். 19-ஆம் நூற்றாண்டில் இந்தத் துறையிலிருந்து ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு சைகோனுக்குப் போனவர்கள், பிரான்சுக்குப் போனவர்கள், இப்போது வளைகுடாவில் இருப்பவர்கள் என்று நம் தெருவில் வீட்டுக்கு ஒரு கதை இருக்கிறது. ஊர் ஞாபகம் வந்ததும் திரும்பிவர முடிந்தவர் சலீம். அதைத் தோல்வி என்று எழுத எனக்குக் கை வராது. பாரிஸில் உட்கார்ந்து இந்த இதழைப் படிக்கும் வாசகர்கள் மாற்றுக் கருத்து வைத்திருந்தால் எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.

பல வருஷங்கள் கழித்து சலீம் நோய்வாய்ப்பட்டார். அவர் மகன் செல்டிக்குக்கு ஒரு கடிதம் எழுதினார், அப்பாவின் சிகிச்சைக்கு உதவி கேட்டு. உண்மையில் பணத்துக்காக அல்ல, அப்பாவை அவர்கள் நினைவு வைத்திருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதியதாகப் பிற்பாடு சொன்னார். பதிலும் 100 பவுண்டுக்கு டிராஃப்டும் வந்தன. அந்த டிராஃப்டை அவர் மாற்றவில்லை, பத்திரப்படுத்திக்கொண்டார். சலீம் 1980-இல் காலமானார்.

ஒரு தூரதேசத்து கிளப், இரண்டாம் அணியில் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுப் போனவரை எப்படி நினைவு வைத்திருந்தது? யாரோ ஒருவர் படம் எடுத்தார். யாரோ ஒரு நிருபர் விரல் விரலாகப் பார்த்து எழுதினார். கிளப் அதையெல்லாம் எடுத்துவைத்தது. மகன் கடிதம் எழுதினார். இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. இந்த நான்கில் ஒன்றையும் நாம் நம் ஆட்களுக்குச் செய்ததில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

நமக்கும் இந்த ஆட்டத்துக்கும் சம்பந்தமில்லாமல் இல்லை. 1948 ஜூலை 31-ஆம் தேதி, லண்டன் ஒலிம்பிக்கில், சுதந்திர இந்தியாவின் அணி முதல்முறையாக ஒலிம்பிக்கில் இறங்கியது. பலர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். எதிரணி எது தெரியுமா? பிரான்ஸ். அன்றைக்குக் காரைக்கால் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது! வாஞ்சூரைத் தாண்டினால் இந்தியா, இந்தப் பக்கம் பிரான்ஸ். இந்தியாவுக்குக் கிடைத்த இரண்டு பெனால்டியும் வீணாயின. ஒரு கோல் வாங்கியிருந்த நேரத்தில் சமன் செய்தவர் சாரங்கபாணி ராமன் என்ற ஃபார்வர்டு. கடைசி நிமிஷங்களில் பிரான்ஸ் இன்னொன்று போட்டு 2-1 என்று வென்றது. நம்மூர்க் காபிக் கடைகளில் அன்றைக்கு யார் எந்தப் பக்கம் நின்றார்களோ! வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இருந்தால் அதுவே ஒரு கட்டுரை.

1952-இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று அடிவாங்கிய பிறகுதான் இந்தியாவில் பூட்ஸ் கட்டாயமானது. 1960-இல் ரோமில் மறுபடி பிரான்ஸோடு ஆடி 1-1 என்று சமன் செய்தோம். கோல் போட்டவர் கேப்டன் பி.கே. பானர்ஜி. அந்த ஒலிம்பிக் அணியில் நம் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் ஃபார்வர்டாக இருந்தார், சைமன் சுந்தர்ராஜ். 1973-இல் கேரளம் முதல்முறையாகச் சந்தோஷ் டிராபியை வென்றபோது அதன் பயிற்சியாளரும் இவரே. கேரளத்தில் பழைய ரசிகர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். தஞ்சாவூரிலும் காரைக்காலிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். மெஸ்ஸி எந்த ஊரில் பிறந்தார் என்று டக்கென்று சொல்வார்கள்.

சுந்தர்ராஜாவது ஒலிம்பிக் வரை போனவர், பதிவில் இருக்கிறார். அதற்குக் கீழே எத்தனை பேர்? சம்பா அறுவடை முடிந்த வயலில் அரிதாள் காலைக் குத்தக் குத்த ஆடியவர்கள், கடற்கரை மணலில் ஆடி முழங்கால் தேய்ந்தவர்கள், பந்தயத்துக்காக நாகப்பட்டினத்துக்கும் மயிலாடுதுறைக்கும் லாரியில் ஏறிப் போனவர்கள். ஊரில் விசாரித்தால் “அவர் மாதிரி கார்னர் அடிக்க ஆளே இல்லை” என்கிறார்கள். எந்த வருஷம், எந்த அணி, யாரோடு ஆட்டம் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பத்து வருஷம் போனால் அதைச் சொல்லவும் ஆள் இருக்காது.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கங்களை நம் பகுதிக் கால்பந்துக்காரர்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். காரைக்கால், நிரவி, திருமலைராயன்பட்டினம், கோட்டுச்சேரி, திருநள்ளாறு, சுற்றுக் கிராமங்கள் எதுவானாலும் சரி. பெரிய அணிக்கு ஆடியிருக்க வேண்டியதில்லை. இரண்டு ஆட்டம் ஆடியவர் போதும். பெண்கள் அணியில் ஆடியவர்கள் கட்டாயம் எழுத வேண்டும். பழைய குழுப்படம் இருந்தால் எடுத்து வாருங்கள்; உங்கள் எதிரிலேயே பிரதி எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பித் தருகிறோம். வருவதற்கு முன் வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, இடமிருந்து வலமாக நிற்பவர்கள் யார் யார், எந்த மைதானம், எந்த வருஷம், யார் எந்த இடத்தில் ஆடினார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். படத்தின் பின்புறம் பேனாவால் எழுத வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும், பென்சிலால் எழுதுங்கள். பெயர் தெரியாதவர் இருந்தால் இடத்தைக் காலியாக விடுங்கள், மற்ற வாசகர்கள் சொல்வார்கள். தண்ணீர் வாளி தூக்கியவரும் காலுக்குக் கட்டுப் போட்டவரும் படத்தில் இருந்தால் அவர்கள் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்